கப்பலேறிய பெரிய தாத்தாவைத் தேடும்போது

கேள்வி: ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள். என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறினார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது டர்பனிலிருந்து ஒரு குடும்பத்தார், தாங்கள் அவருடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் என்று எழுதி, கப்பல் பதிவேட்டின் ஒரு வரியையும் அனுப்பியிருக்கிறார்கள். பெயர் முனிசாமி. தகப்பன் பெயரும் ஒத்துப்போகிறது. ஊர்ப்பெயர்தான் புரியவில்லை. இவர் எங்கள் ஆள்தானா? எங்கே சரிபார்ப்பது? எங்கள் வம்சாவளியை அவர்களுக்கு அனுப்பலாமா? நிலத்தில் பங்கு கேட்பார்களோ என்று தம்பி பயப்படுகிறான்.

பதில்: உங்கள் ஆளாக இருக்கலாம். ஆனால் கையில் இருப்பதை மட்டும் வைத்து ‘ஆம்’ என்று எழுதிவிடாதீர்கள். டர்பன் குடும்பத்திடம் இருப்பது பாதிச் சான்று. மீதிப் பாதி உங்கள் ஊரில், பெரும்பாலும் உங்கள் வீட்டு முதியவர் ஒருவரின் நினைவில் இருக்கிறது. இரண்டையும் எந்த வரிசையில் சேர்ப்பது என்பதுதான் இதில் முக்கியம்.

பெயர் ஒற்றுமைக்கு நான் மிகக் குறைந்த மதிப்பே கொடுப்பேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்தைத் தொட்டது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை முனிசாமிகள் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி முனுசாமி, மூன்சாமி, முனிஸ்வாமி என்று பதிந்திருப்பார். தகப்பன் பெயர் சின்னசாமியாகவோ பெருமாளாகவோ இருந்தால் அதுவும் பெரிய அடையாளம் ஆகாது. பெயரும் தகப்பன் பெயரும் ஒத்திருந்தும் வேறு தாலுகாக்காரராக முடிந்த தேடல்களை நான் பார்த்திருக்கிறேன். இரு வீட்டாரும் அழுது கட்டிக்கொண்ட பிறகு அதைச் சொல்வது கொடுமை.

பதிவேட்டின் வரியில் பெயருக்கு முன்னால் ஓர் எண் இருக்கும். அது குடியேறியவருக்கு நேட்டால் அரசு கொடுத்த எண். கப்பல் கப்பலாகத் தொடர்ந்து ஓடும் எண் என்பதால், அதை வைத்தே எந்தக் கப்பல், எந்த மாதம் என்று சொல்லிவிடலாம். அவர் பிள்ளைகளின் பிறப்பு, திருமணக் காகிதங்களிலும் இந்த எண் தொடர்ந்து வந்திருக்கக்கூடும். டர்பன் குடும்பத்திடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அவர்கள் வீட்டுப் பழைய காகிதம் எதிலாவது இதே எண் இருக்கிறதா? இல்லையென்றால், அந்த வரிக்கும் அவர்களுக்குமே தொடர்பு உறுதியாகவில்லை என்று பொருள். உங்களைப் போலவே அவர்களும் பெயரை வைத்துத் தேடி அந்த வரியை எடுத்திருக்கலாம்.

இனி ஊர்ப்பெயர். பதிவேட்டில் மாவட்டம், தாலுகா, கிராமம் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ‘வட ஆர்க்காடு’ என்று பார்த்துவிட்டு வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் போய்விடாதீர்கள். சித்தூர் மாவட்டம் உருவானது 1911 ஏப்ரல் 1 அன்று. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது அதே ஆண்டு ஜூலை 1 முதல் நிறுத்தப்பட்டது. ஆகவே உங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள் அநேகமாக எல்லோரும் வட ஆர்க்காட்டுக்காரர்களாகவே பதிவாகியிருப்பார்கள். அந்த மாவட்டத்துக்கே சித்தூர்தான் தலைநகரம். நகரி அன்று கார்வேட்டிநகரம் ஜமீனில் இருந்தது. தாலுகாக் கட்டத்தில் கார்வேட்டிநகரம் என்றோ புத்தூர் என்றோ இருந்தால் குழம்ப வேண்டாம். இன்னொன்று: திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, சத்தியவேடு அதே நாளில்தான் ஆந்திராவுக்குப் போனது. இன்றைய எல்லைக்கோட்டை மறந்துவிட்டு இரு பக்கத்து ஊர்களையும் பாருங்கள்.

நம் பகுதியில் ஊர்ப்பெயருக்கே இரண்டு உடை உண்டு. தமிழில் ‘கண்டிகை’ என்று முடிவது தெலுங்கில் ‘கண்ட்ரிக’ ஆகும். நீங்கள் அனுப்பிய நகலில் கடைசி எழுத்துகள் அப்படித்தான் தெரிகின்றன. முன்பாதியை வாய்விட்டு, ஒருமுறை தமிழ் நாக்கால், ஒருமுறை தெலுங்கு நாக்கால் சொல்லிப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று கண்டிகைகள் இருப்பதும் சாதாரணம் என்பதால், தாலுகாக் கட்டத்தோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வயதை நம்பாதீர்கள், கப்பலேறும் முன் தங்கவைத்த முகாமில் ஆளைப் பார்த்து மதிப்பிட்டு எழுதியதாகவே அதைக் கொள்ளுங்கள். உயரமும் உடல் அடையாளமும், தழும்பு, மச்சம் என்று, ஒரு கட்டத்தில் இருக்கும். படிக்கும்போது மனம் கலங்கும். ஆனால் அதை உறுதிப்படுத்த இன்று யாரும் உயிரோடு இல்லை.

உண்மையில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது அந்த வரி அல்ல, அதன் மேலும் கீழும் இருக்கும் வரிகள். கிராமத்திலிருந்து ஒருவர் தனியாகப் புறப்படுவதைவிட மச்சான், பங்காளி, பக்கத்துத் தெருக்காரர் என்று இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து புறப்படுவதே வழக்கம். ஒன்றாக வந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் விழுந்திருக்கும். ஆகவே அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் இருபது வரிகளை அனுப்பச் சொல்லுங்கள். டர்பனிலேயே குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கப்பல் பட்டியல்கள் தட்டச்சு செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுக்கு இது சிரமமான வேலை அல்ல.

அந்த வரிகள் வருவதற்கு முன் நீங்கள் ஒரு வேலையை முடித்திருக்க வேண்டும். தொண்ணூறை நெருங்கும் அத்தை ஒருவர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டர்பன் கடிதத்தைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால், சொல்லாதீர்கள். முதலில் கேளுங்கள். பெரிய தாத்தா யாரோடு போனார்? போகும்போது கல்யாணம் ஆகியிருந்ததா? எந்தச் சண்டைக்குப் பிறகு, எந்தப் பஞ்சத்துக்குப் பிறகு? குலதெய்வம் எது, அதற்கு வீட்டில் என்ன படைப்பார்கள்? திரௌபதியம்மன் கோயிலில் நம் வீட்டாருக்கு ஏதாவது முறை உண்டா? அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைக் காட்டிவிட்டுக் கேட்டால், பாசத்தால் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்பா’ என்றுதான் பதில் வரும். அதன் பிறகு அந்த நினைவு சான்றாகாது. அவர் தாமாகச் சொன்ன துணையின் பெயர், அடுத்த மாதம் டர்பனிலிருந்து வரும் இருபது வரிகளில் அதே ஊரோடு இருந்தால், அதைவிட வலுவான சான்றை நான் கேட்க மாட்டேன்.

இங்குள்ள அரசுக் காகிதங்களில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கிராமப்புறப் பிறப்பு, இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்ததே 1899-இல்தான். ஜமீன் ஊர்களுக்கு அரசின் ரயத்துவாரிப் பட்டா (பயிரிடுபவருக்கு அரசு நேரடியாகக் கொடுப்பது) 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு வந்தது. அதற்கு முந்தைய கணக்கு கிராமக் கணக்கரான கர்ணத்தின் கையில் இருந்தது. ஆந்திராவில் 1984-இல் கர்ணம் பதவி ஒழிந்தபோது பழைய கட்டுகள் சில அந்த வீடுகளிலேயே தங்கியிருக்கலாம். பழைய கர்ணம் வீட்டாரை மரியாதையாகப் போய்ப் பாருங்கள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மாகாண அரசின் குடியேற்றக் கோப்புகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் நிர்வாகக் கடிதப் போக்குவரத்து. தனி ஆளைத் தேட முதலில் போகும் இடம் அது அல்ல.

குடும்பப் பெயர் ஒத்துப்போகவில்லையே என்று நீங்கள் தயங்குவது தேவையற்றது. நேட்டாலில் சிலருக்குத் தகப்பன் பெயரே பரம்பரைப் பெயராக நின்றுவிட்டது. சிலர் நாயுடு, பிள்ளை, கவுண்டர் போன்ற பட்டங்களை அந்நாட்டு உச்சரிப்பில் வைத்துக்கொண்டார்கள். ‘கவுண்டர்’ அங்கே ‘கோவெண்டர்’ ஆனது. இங்கே உங்கள் வீட்டாருக்குத் தெலுங்குப் பள்ளியில் ‘இண்டிபேரு’ (வீட்டுப்பெயர்) கேட்டபோது ஏதோ ஒன்று எழுதப்பட்டது. இரண்டுமே அவர் கப்பலேறிய பிறகு வந்தவை.

அவர் திரும்பி வந்திருக்கவும் இடமுண்டு. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. மொத்தம் பத்து ஆண்டு அங்கே இருந்தவருக்கு இலவசமாகத் திரும்பும் உரிமை இருந்தது. 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்கள்மீது ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி போட்டது. முதல் ஆண்டுக் கூலியே மாதம் பத்து ஷில்லிங், அதாவது அரைப் பவுண்டு. அந்த வரியின் கொடூரம் புரியும். அதற்கு அஞ்சித் திரும்பியவர்கள் பலர். ஆகவே டர்பன் குடும்பத்தின் முனிசாமி அங்கேயே இறந்தாரா என்பதற்கு இறப்புப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

மரபணுச் சோதனை பற்றித் தம்பி கேட்டிருக்கிறார். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில், தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோல் முடிவு காட்டும். இரு பக்கமும் இடையில் பெண் வழி இல்லாத ஆண் வாரிசு இருந்தால், தகப்பன் வழிச் சோதனை பங்காளிதானா என்பதைப் பற்றி ஓரளவு சொல்லும். காகிதமும் அத்தையின் நினைவும் பொருந்திய பிறகு செய்யுங்கள்.

வம்சாவளியை அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். நான்கு தலைமுறையாக ஊரைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரியது என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இறந்தவர்களோடு நிறுத்துங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, ஆதார் விவரம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ‘அத்தை சொன்னது’, ‘பத்திரத்தில் உள்ளது’, ‘ஊகம்’ என்று குறியுங்கள். பதிவேட்டில் சாதிக் கட்டம் இருக்கும். உங்கள் வீட்டில் வழங்குவதோடு அது பொருந்தாமலும் போகலாம். அதை அவர்களிடம் மென்மையாகப் பேசுங்கள், பொதுவில் போடாதீர்கள். இங்கே ஒரு மனைவியை விட்டுவிட்டு அங்கே மணந்தவர்களும் உண்டு. அந்தப் பெண்ணின் வாரிசுகள் உங்கள் தெருவிலேயே இருந்தால், டர்பனுக்கு எழுதும் முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

நிலத்தைப் பொறுத்தவரை, வம்சாவளித் தாள் பத்திரம் ஆகாது. தம்பிக்கு அச்சம் தீரவில்லை என்றால் பட்டாவோடு ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். அதற்காகக் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்க வேண்டாம்.

முதல் பதில் சிறியதாக இருக்கட்டும்: கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி, எண் உள்ள பழைய காகிதம் ஏதாவது உண்டா, முன்பின் இருபது வரிகள் வேண்டும், உங்கள் வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள். அத்தை சொன்ன துணையின் பெயரை மட்டும் அதில் எழுதாதீர்கள்.