கவுண்டி சிறையில் 19 ஆண்டுகள்: ஒரு செவிலியரிடம் கேளுங்கள்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், ஒரு கவுண்டி சிறையின் மருத்துவப் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சென்ற வாரம் உங்கள் கேள்விகளைக் கேட்டிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மதுரை, சட்டக் கல்லூரி மாணவி: ஜெயில், பிரிசன் என்று அங்கே இரண்டு சொற்கள் இருக்கின்றனவே அம்மா, இரண்டும் ஒன்றுதானா?

நம் ஊர்க் கிளைச் சிறையையும் மத்தியச் சிறையையும் நினைத்துக்கொள்ளுங்கள், பாதி புரிந்துவிடும். நீண்ட தண்டனை பெற்றவர்கள் மாநில அரசின் அல்லது மத்திய அரசின் பிரிசனுக்குப் போவார்கள். ஜெயில் பெரும்பாலும் கவுண்டியுடையது. கவுண்டி என்பதை ஏறத்தாழ நம் மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளலாம். விசாரணைக் கைதிகளும், பொதுவாக ஓராண்டுக்கு உட்பட்ட தண்டனை பெற்றவர்களும் அங்கே இருப்பார்கள். கனெக்டிகட், வெர்மாண்ட், டெலவேர் போன்ற சில மாநிலங்களில் மட்டும் இரண்டையும் மாநில அரசே நடத்துகிறது.

ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். 2022ஆம் ஆண்டின் நடுவில், நாடு முழுவதும் உள்ள ஜெயில்களில் ஒரு நாளில் இருந்தவர்கள் சுமார் 6,60,000 பேர். ஆனால் அந்த ஓராண்டில் உள்ளே கொண்டுவரப்பட்டது 70 லட்சம் தடவைக்கு மேல். அதாவது, வருகிறவர்களில் பெரும்பாலோர் சில நாட்களிலோ வாரங்களிலோ தங்கள் தெருவுக்கே திரும்பிவிடுகிறார்கள். உள்ளே இருப்பவர்களில் பத்தில் ஏழு பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள்.

டாலஸ், மென்பொருள் பொறியாளர்: இதற்கெல்லாம் யார் பொறுப்பு?

பெரும்பாலான மாநிலங்களில் ஷெரிஃப், அதாவது கவுண்டியின் காவல் தலைவர். அவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். பணம் ஒதுக்குவது கவுண்டி வாரியம். அதில் பெரும்பங்கு உங்கள் வீட்டு வரி. ஒருவர் நடத்த, இன்னொருவர் பணம் கொடுக்க, காவலர் பற்றாக்குறை என்றால் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் டெக்சாஸில் 1975 முதல் சிறைத் தரங்களுக்கென்றே ஓர் ஆணையம் உண்டு. 48 கைதிகளுக்கு ஒரு காவலர் இருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு கைதியையும் நேரில் பார்க்க வேண்டும், தற்கொலை ஆபத்து உள்ளவரை அரை மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பவை அதன் விதிகள். கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அலபாமாவைச் சொல்வேன். கைதிகளின் உணவுக்கு வந்த பணத்தில் மிஞ்சியதை ஷெரிஃபே வைத்துக்கொள்ள இடம் கொடுத்த பழைய சட்டம் அங்கே இருந்தது. எட்டோவா கவுண்டியில் அப்படி ஒருவர் 7,50,000 டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டது 2018இல் வெளியே வந்தது. அடுத்த ஆண்டு சட்டத்தை மாற்றினார்கள். நீங்கள் குடியுரிமை பெற்றவர் என்றால், ஷெரிஃப் தேர்தலில் தவறாமல் வாக்களியுங்கள் தம்பி.

சேலம், செவிலியர் பயிற்சி மாணவி: சிறையில் செவிலியருக்கு என்ன வேலை இருக்கும் அக்கா?

முதல் சில மணி நேரத்தில்தான் முக்கியமான வேலை. கைரேகை, புகைப்படம், உடைமைகளைப் பையில் கட்டிப் பட்டியலிடுவது எல்லாம் காவலர்கள் பார்ப்பார்கள். பிறகு எங்களிடம் அனுப்புவார்கள். இன்சுலின் போடுகிறீர்களா? வலிப்பு வருமா? கடைசியாக எப்போது குடித்தீர்கள்? உயிரை மாய்த்துக்கொள்ள எப்போதாவது முயன்றது உண்டா? இந்தக் கேள்விகளைக் கேட்கும் விதத்தில் ஓர் உயிர் நிற்கும். ஜெயில்களில் நேரும் சாவுகளுக்கு முதல் காரணம் தற்கொலை.

சாண்ட்ரா பிளாண்ட் என்ற 28 வயதுப் பெண் 2015 ஜூலையில் டெக்சாஸின் வாலர் கவுண்டி சிறையில் மூன்றாம் நாள் இறந்துகிடந்தார். வெளியே வர அவருக்கு வேண்டியிருந்தது 500 டாலர். முன்பு தற்கொலைக்கு முயன்றதாக அவர் சொன்னது சேர்க்கைப் படிவத்திலேயே இருந்தது. ஆனாலும் ஒரு மணிக்கு ஒரு முறை பார்க்கும் விதியைக்கூட அங்கே சரியாகப் பின்பற்றவில்லை. 2017இல் அவர் பெயரிலேயே டெக்சாஸில் சட்டம் வந்தது.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சனிக்கிழமை இரவு வரிசை நீண்டு நின்றது. ஒருவரிடம் நின்றபடியே, காவலர் பக்கத்தில் இருக்க, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். எழுதிக்கொண்டு அடுத்தவரை அழைத்தேன். மூன்றாம் நாள் அவருக்குக் கை கால் உதறி வலிப்பு வந்தது. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அன்று முதல் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, காவலரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லி, அதே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்பேன்.

நியூ ஜெர்சி, இல்லத்தரசி: ஜாமீனுக்குப் பணம் இல்லாவிட்டால் உள்ளேயேதானா?

பல மாநிலங்களில் இன்றும் அப்படித்தான். இலினாய் மாநிலம் மட்டும் 2023 செப்டம்பரில் பண ஜாமீனை முற்றாக ஒழித்தது. இந்த நாட்டில் அதுவே முதல். மூன்று நாள் உள்ளே இருந்தாலே தினக்கூலிக்காரருக்கு வேலை போய்விடும்.

கோயம்புத்தூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: குற்றம் செய்தவர்களுக்கு வரிப்பணத்தில் மருத்துவம் எதற்கு?

ஐயா, முதலில் சட்டம். அடைத்து வைத்த அரசே மருத்துவமும் தர வேண்டும் என்று 1976இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைதான ஒருவர் மருத்துவமனைக்கு அவராகப் போக முடியாது அல்லவா? ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் பொதுவாகச் சிறைக்குள் செல்லாது. அதனால் முழுச் செலவும் கவுண்டியின் தலையில் விழுகிறது.

என் மனம் அதிகம் நிற்பது அடுத்த காரணத்தில். மாசசூசெட்ஸின் ஹாம்டன் கவுண்டியில் மைக்கேல் ஆஷ் என்பவர் 40 ஆண்டுகளுக்கு மேல் ஷெரிஃபாக இருந்தார். அடிப்படையில் அவர் சமூகப் பணியாளர். அங்கே கைதியின் வீடு எந்த அஞ்சல் குறியீட்டில் இருக்கிறதோ, அந்தப் பகுதி நலவாழ்வு மையத்து மருத்துவரே சிறைக்குள்ளும் வந்து பார்ப்பார். விடுதலையான பிறகும் அதே மருத்துவர்தான். காசநோயோ எச்.ஐ.வி.யோ உள்ளவருக்குச் சிகிச்சை இடையில் அறுந்துபோகாது. அதனால் பிழைப்பது அவர் ஒருவர் மட்டுமா? அவர் வீட்டுக் குழந்தைகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான்.

போதைப்பழக்கம் உள்ளவருக்கு மிக ஆபத்தான காலம் விடுதலைக்குப் பின் முதல் இரண்டு வாரம். உடல் தாங்கும் அளவு உள்ளே குறைந்திருக்கும். வெளியே போய்ப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். உள்ளே இருக்கும்போதே போதைப்பழக்கத்துக்கான மருந்தைத் தொடங்கி, கையில் மருந்துச் சீட்டோடு அனுப்ப வேண்டும் என்று நாங்கள் பல ஆண்டுகள் மன்றாடினோம்.

சிகாகோ, பட்டதாரி மாணவர்: விசாரணைக் கைதிகள் வாக்களிக்கலாமா?

தண்டனை பெறாத, தகுதியுள்ள குடிமக்கள் வாக்களிக்கலாம். உங்கள் குக் கவுண்டி சிறையிலேயே 2020 மார்ச்சில், கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் வாக்குச்சாவடி வைத்தார்கள்.

டொரண்டோ, வாசகி: கைதிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிறை என்ன செய்கிறது?

கேட்க வேண்டிய கேள்வி. கென்டக்கியில் மேரி பைரன் என்ற பெண்ணை, அவருக்குத் தீங்கு செய்ததற்காகச் சிறையில் இருந்த முன்னாள் காதலன் வெளியே வந்து சுட்டுக் கொன்றான். 1993 டிசம்பர், அன்று அவருடைய 21ஆவது பிறந்தநாள். அவன் விடுதலையானதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் பெற்றோரின் முயற்சியால் மறு ஆண்டே அந்தக் கவுண்டியில் ஓர் ஏற்பாடு வந்தது: கைதி வெளியே போனதும் பாதிக்கப்பட்டவரைத் தொலைபேசி தானாகவே அழைத்துச் சொல்லும். இன்று அது பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. பதிவு செய்துகொள்ளக் கட்டணம் இல்லை. தேவைப்படுகிற பெண் யாரையாவது தெரிந்தால், கூட உட்கார்ந்து பதிவு செய்து கொடுங்கள்.

ஒஹாயோ, தமிழ்ச் சங்க உறுப்பினர்: எங்களைப் போன்றவர்கள் என்ன செய்யலாம்?

ஷெரிஃப் அலுவலகத்தில் தன்னார்வலர் பிரிவைக் கேளுங்கள். பின்புலச் சரிபார்ப்பு முடிந்ததும், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தர விடுவார்கள். புத்தகம் கொடுப்பதானால் மெல்லட்டைப் பதிப்பாகக் கொடுங்கள். கெட்டி அட்டையைப் பல சிறைகள் வாங்குவதில்லை.

இன்னொன்று, யாரும் நினைக்காதது. ஜூலையில் கைதானவர் ஜனவரியில் வெளியே போவார். அவர் உடைமைப் பையில் இருப்பது அரைக்கைச் சட்டையும் செருப்பும்தான். எங்கள் வாசலில் ஒரு தேவாலயத்துப் பெண்கள் குளிர்காலம் முழுவதும் கம்பளிக் கோட்டுகளை அடுக்கி வைப்பார்கள். உங்கள் சங்கமும் அதைச் செய்யலாம். ஆண்களுக்கான பெரிய அளவுகளையே அதிகம் சேருங்கள். அவைதான் முதலில் தீர்ந்துவிடும்.