காற்றைச் சுத்தப்படுத்தும் கருவிக்கு முன் குசினிப் புகையைக் கவனியுங்கள்

கேள்வி: தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் லயத்தில் வசிக்கிறோம். ஆறு வயது மகனுக்கு அடிக்கடி இழுப்பு வருகிறது. மாமியாருக்கு நாட்பட்ட இருமல். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் விடியற்காலையில் லயத்தைச் சுற்றிப் புகை கலையாமல் நிற்கும். டவுனில் ஒரு கடையில், காற்றைச் சுத்தப்படுத்தும் கருவியொன்றை 45,000 ரூபாவுக்குத் தவணை முறையில் தருகிறார்கள். 99.9 வீதத் தூசியை அகற்றும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. வாங்கலாமா?
– ஒரு தாய், தலவாக்கலை

பதில்: அம்மா, இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அடுப்புக்கும் புகைக்கூட்டுக்கும் செலவிட்டால் மகனுக்குக் கிடைக்கும் பயன் அதிகம். தவணைக்குக் கையெழுத்திட்ட பிறகு யோசிப்பதில் பயனில்லை என்பதால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் வேகமாகக் குளிரும். நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, சரிவுகள் வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதற்கு மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாக இருப்பதால் கீழேயுள்ள புகை மேலெழ வழியின்றி, மூடியிட்ட பானைக்குள் இருப்பதைப் போல அடைபட்டுவிடும். நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி படியும் காலைகளில் இது மிகக் கடுமையாக இருக்கும். உங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கியைக் காலை ஆறரை மணிக்குப் பாருங்கள்: புகை சிறிது உயரம் நேராக ஏறி, பிறகு படுக்கையாகப் பரவி, அந்த மட்டத்திலேயே பள்ளத்தாக்கு நெடுகத் தங்கியிருக்கும். வெயில் ஏறி நிலம் சூடாகி, காற்று மேலும் கீழுமாகக் கலக்கத் தொடங்கிய பிறகே, பெரும்பாலும் ஒன்பது பத்து மணியளவில், அது கலையும். பிரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்குப் போவோரும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் அதற்கு முன்பே அந்தக் காற்றுக்குள் நடந்து முடித்துவிடுகிறார்கள்.

ஆயினும், வெளியே நிற்கும் புகையைவிடக் குசினிக்குள் இருக்கும் புகை பன்மடங்கு அடர்த்தியானது. பெருங்கேடு செய்வது சுவரில் படியும் கரியன்று, 2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைவுமான விட்டமுடைய, தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கேயான நுண்துகள்களே. அவை மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று, அவற்றுள் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. பிள்ளைகளின் இழுப்பையும் நிமோனியாவையும் முதியோரின் நாட்பட்ட நுரையீரல் நோயையும் கடந்து, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், குறைந்த நிறையுடன் குழந்தை பிறத்தல் ஆகியவற்றுடனும் அவற்றுக்குத் தொடர்பு உண்டு. ஒரு நாளின் சராசரி கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021ஆம் ஆண்டு வகுத்த வழிகாட்டல் கூறுகிறது. புகைக்கூடு இல்லாத குசினியில் ஈர விறகு எரியும்போது அந்த அளவு நூற்றுக்கணக்கில் ஏறிவிடும்.

இனிக் கருவிக்கு வருவோம். பெட்டியில் உள்ள 99.9 என்ற எண், வடிகட்டியினூடாகச் செல்லும் காற்றைப் பற்றியது மட்டுமே. உங்கள் காம்பராவில் உள்ள காற்று முழுவதையும் பற்றியதன்று. நீங்கள் கேட்க வேண்டிய எண் சி.ஏ.டி.ஆர்., அதாவது மணிக்கு எத்தனை கன மீற்றர் சுத்தமான காற்றை அக்கருவி தரும் என்ற அளவு. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா எட்டடி உயரமாக இருந்தால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 27 கன மீற்றர். மணிக்கு ஐந்து முறையாவது அந்தக் காற்று சுத்திகரிக்கப்பட வேண்டுமென்றால் குறைந்தது 135 தேவை. அதுவும் கதவு, ஜன்னல் மூடிய அறைக்கான கணக்கு. தகரத்துக்கும் சுவருக்கும் இடையே கை நுழையும் இடைவெளி இருக்கும் லயத்தில், அதிலும் நடுச்சுவர் கூரைவரை எட்டாத பழைய லயத்தில், பக்கத்துக் காம்பராவின் புகையையும் சேர்த்தே அக்கருவி சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். விறகுப் புகையில் வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும்; மாற்று வடிகட்டியின் விலையைக் கடைக்காரர் தாமாகச் சொல்ல மாட்டார், நீங்களே கேட்க வேண்டும்.

அடுப்பில் செய்யக்கூடியது பல. மிலாறும் (கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) சவுக்கு விறகும் ஈரமாக எரிந்தால் வெப்பத்தின் பெரும்பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகி, புகை பெருகும். ஆகவே மழை தொடங்கும் முன்பே பிளந்து, நனையாத, காற்றோட்டமுள்ள இடத்தில் அடுக்கிவையுங்கள். நெருப்பு மூட்டுவதற்கு ஷொப்பிங் பேக்கையும் டியூப் துண்டையும் எரிக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். களிமண்ணாலான அனகி அடுப்பு விறகை மிச்சப்படுத்தும், ஆனால் அது மட்டுமே புகையை வெளியேற்றிவிடாது, புகைக்கூடு தேவை. அதன் வாய் கூரை முகட்டுக்கு மேலே இரண்டு அடியாவது உயர்ந்திருக்க வேண்டும், இல்லையேல் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் அதை நீங்களே வெட்டவோ துளைக்கவோ கூடாது, ஏனெனில் அதன் நார்கள் விறகுப் புகையைவிடப் பொல்லாதவை. புகைக்கூட்டைச் சுவர் வழியே வெளியே எடுத்து மேலே கொண்டுசெல்லச் சொல்லுங்கள். கட்டடம் தோட்டத்துக்குரியதென்றால் நிர்வாகத்தின் அனுமதியை முன்பே எழுத்தில் பெறுவது நல்லது. குளிப்பதற்குச் சுடுதண்ணீர் வைப்பதை விடியலிலிருந்து பிற்பகலுக்கு மாற்ற முடிந்தால், புகை கலையாத நேரத்தில் ஒரு நெருப்பு குறையும்.

இவை யாவும் செய்த பிறகும் வாங்குவதென்றால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெபா வடிகட்டியும் சி.ஏ.டி.ஆர். எண்ணும் எழுத்தில் உள்ள கருவியை மட்டும் வாங்கி, மகன் உறங்கும் காம்பராவில் வையுங்கள். ஓசோனை வெளியிடும் கருவி இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஆகவே ஆகாது. மருத்துவர் கொடுத்த இன்ஹேலரைக் கருவியை நம்பி நிறுத்திவிடாதீர்கள். மூச்சுத் திணறல் கூடினால் 1990 சுவசரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: இணையத்தில் சிறிய காற்றுத் தர மானி ஒன்று வாங்கினேன். பனிமூட்டமான காலைகளில் 180 வரை காட்டுகிறது. மதியம் 20க்கு இறங்கிவிடுகிறது. கருவி பழுதா, காற்று பழுதா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: இரண்டிலும் சிறிது இருக்கலாம். இத்தகைய மலிவான மானிகள் துகளை நிறுப்பதில்லை. ஒளிக்கற்றையைச் செலுத்தி, துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துக் கணக்கிடுகின்றன. ஈரப்பதம் கூடும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. மூடுபனியின் சிறு நீர்த்துளிகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஆகவே மலைநாட்டுப் பனிக்குள் இவை மிகைப்படுத்திக் காட்டுவது இயல்பு. பனி விலகி வெயில் வந்த பிறகும் எண் இறங்காமலிருந்தாலோ, பனியில்லாத மாலையில் திடீரென ஏறினாலோ, புகைவாடை அடித்தாலோ அதை நம்புங்கள். உங்கள் ஊவாப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் மழை மறைவில் இருப்பதால், ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த பத்தனைப் புல்வெளிகள் தீப்பற்றும் நாட்களில் அந்த ஏற்றம் உண்மையாகவே இருக்கும்.

திரையில் உள்ள எண் எதன் அளவு என்பதையும் பாருங்கள். அமெரிக்கக் காற்றுத் தரச் சுட்டெண்ணில் 150 என்பது, கன மீற்றருக்கு 55 மைக்ரோகிராம் அளவிலான நுண்துகளையே குறிக்கும். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. எண்ணை அப்படியே நம்பாமல், ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: நான் கண்டியில் ஓட்டோ ஓட்டுகிறேன். பஸ் புகைக்கு எந்த முகக்கவசம் வாங்குவது? நடைபாதையில் ‘என் 95’ என்று மிக மலிவாக விற்கிறார்களே?
– வாசகர், கண்டி

பதில்: கண்டி நகரம் மலைகளால் சூழப்பட்ட குழிவில் இருப்பதால், காற்று அசையாத நாட்களில் வாகனப் புகை வெளியேறத் தாமதமாகும், உங்கள் தொழிலுக்கு நல்ல முகக்கவசம் அவசியமே. துணிக் கவசமும் சத்திரசிகிச்சைக் கவசமும் ஓரங்களில் காற்றை விடுவதால் நுண்துகளுக்குப் போதாது. உண்மையான என் 95 கவசத்தில் தலையைச் சுற்றும் இரண்டு பட்டிகள் இருக்கும், காதில் மாட்டும் வளையம் இராது, டி.சி.-84ஏ எனத் தொடங்கும் அனுமதி இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். காது வளையம் உள்ளதை ‘என் 95’ என்று விற்றால் வாங்காதீர்கள். தாடி இருந்தால் எந்தக் கவசமும் முகத்தோடு ஒட்டாது.

எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் அதை வழங்குவது வியாபாரியின் கடமை. போலிப் பொருள் குறித்து 1977 என்ற இலக்கத்தில் அதிகார சபைக்கு அறிவிக்கலாம். முறையான முறைப்பாட்டை, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கேள்வி: 2022 டிசம்பரில் காற்று மாசினால் பாடசாலைகளை மூடினார்கள். தொழிற்சாலைகள் குறைந்த நம் மலைப்பகுதிக்கும் அது எப்படி வந்தது? மறுபடி வந்தால் என்ன வாங்கி வைத்திருக்க வேண்டும்?
– ஆசிரியை, ஹட்டன்

பதில்: அந்த நாட்களில் வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நிலைகொண்டிருந்தது. அதைச் சுற்றிய காற்றோட்டம் இந்தியத் துணைக்கண்டத்து மாசை இலங்கையின் மேல் கொண்டுவந்தது. டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. வடகிழக்குப் பருவத்தில் இத்தகைய காற்று வரக்கூடும். தென்மேற்குப் பருவத்திலோ கடல் கடந்து வரும் காற்றும் தொடர் மழையும் உங்கள் பக்கத்துச் சரிவுகளை நன்றாகக் கழுவிவிடுகின்றன. எனினும் சிறு தூறல் நுண்துகளை அவ்வளவாக இறக்காது, நின்று பெய்யும் மழையே இறக்கும்.

புதிதாகப் பெரிய செலவு தேவையில்லை. அத்தகைய நாளில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் காற்றுத் தர அறிவிப்பைப் பாருங்கள். பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிடாமல், ஜன்னலை மூடிய வகுப்பறையில் வைத்திருங்கள். குப்பையை எரிக்க விடாதீர்கள். இழுப்பு உள்ள மாணவரின் இன்ஹேலர் புத்தகப்பையில் இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு முகக்கவசம் போதும். மொத்தமாக வாங்கி வைத்தால் பட்டி தளர்ந்து, காலாவதித் திகதியும் கடந்துவிடும். சிறுவர் முகத்துக்குப் பெரியவர்களின் என் 95 பொருந்தாது, ஆகவே அவர்களுக்கென்று அதை வாங்க வேண்டாம்.