தண்ணீரை வைத்து நாளைப் பிரியுங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இரண்டு வருடமாக நானும் என் கூட்டாளியும் சைக்கிளில் நீண்ட தூரம் போய்ப் பழகுகிறோம். ஹட்டனில் இருந்து நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை என்று ஒரே நாளில் போயிருக்கிறோம். வரும் டிசம்பரில் ராஜஸ்தான் பாலைவனத்தில் பிகானேர் முதல் ஜெய்சால்மர் வரை சுமார் 330 கிலோமீற்றரை நான்கு நாளில் ஓட்டி முடிக்க எண்ணம். இந்த மலையில் ஓட்டுபவனுக்குச் சமதரை என்ன பெரிய காரியம்? எங்கள் பூட்டன்மார் இந்தியாவில் இருந்து தோட்ட வேலைக்கு வந்து, மன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். திட்டத்தில் குறை இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், கொட்டகலை

அன்புள்ள தம்பி,

போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போங்கள். டிசம்பர் மாதம் சரியான தேர்வு. உங்கள் வழியில் வரும் பலோடியில் 2016 மே மாதம் 51 பாகை வெப்பம் பதிவானது. அந்த மாதங்களை நினைத்தும் பார்க்கக் கூடாது. ஆனால் உங்கள் கடிதம் முழுக்கத் தூரம்தான் இருக்கிறது. தண்ணீர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

உங்களைக் குறை சொல்ல முடியாது. பீலித் தண்ணீர் விழும் சத்தத்தில் வளர்ந்தவர்கள் நாம். எந்த வளைவில் திரும்பினாலும் பாறை இடுக்கில் ஏதாவது ஒழுகிக்கொண்டிருக்கும், போத்தல் காலியானால் அங்கேயே நிரப்பிக்கொள்வோம். தண்ணீரைத் திட்டத்தில் எழுத வேண்டும் என்றே நமக்குத் தோன்றாது.

பூட்டன்மார் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அரிப்பிலும் தலைமன்னாரிலும் இறங்கி அந்தக் காட்டுவழியில் நடந்தவர்களில் எத்தனையோ பேர் மாத்தளையைப் பார்க்கவே இல்லை. கொலராவும் காய்ச்சலும் பட்டினியும் நல்ல தண்ணீர் இல்லாமையும் வழியிலேயே கொண்டுபோயின. வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள் நாம். அதனால் அந்த நடையை நம் உடம்பு வலிமைக்குச் சாட்சியாக எடுக்க என் மனம் ஒப்பவில்லை.

சரி, திட்டத்துக்கு வருவோம். 330-ஐ நான்கால் வகுக்காதீர்கள். முதலில் வரைபடத்தில் தண்ணீர் நிச்சயம் கிடைக்கும் ஊர்களை மட்டும் குறியுங்கள்: கோலாயத், பாப், பலோடி, ராம்தேவ்ரா, பொக்ரான். எங்கே தங்குவது என்பதை இந்த ஊர்களே முடிவு செய்யட்டும். ஒரு நாள் 50 கிலோமீற்றரோடு நிற்கும், இன்னொரு நாள் அதைவிட அதிகம் ஓட வேண்டி வரும். பொக்ரானில் இருந்து ஜெய்சால்மர் 110 கிலோமீற்றர் அளவில் வரும், அதை இரண்டாகப் பிரியுங்கள். மொத்தம் ஆறு நாள் வையுங்கள், ஏழானாலும் நல்லது. டிசம்பரில் அங்கே பகல் ஏறக்குறைய பத்தரை மணி நேரம்தான். நம் ஊர்ப் பகலை வைத்துக் கணக்குப் போட்டால் இருட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் அந்த வழியில் முதல் தடவை போனபோது, வரைபடத்தில் இருந்த ஒரு தேநீர்க் கடையை நம்பி மூன்று லீற்றரோடு கிளம்பினேன். கடை பூட்டிக் கிடந்தது. அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்க ஆள் இல்லை. எனக்குத் தாகமே தெரியவில்லை, சட்டையும் காய்ந்துதான் இருந்தது. முதுகுப் பக்கம் மட்டும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள், தொட்டால் மொரமொரவென்று இருந்தன. கொஞ்ச நேரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கவே சிரமமாகி, தலை வலிக்கத் தொடங்கியது. ஒரு லொறிக்காரர் நிறுத்தித் தண்ணீர் தந்தார். அவர் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். நம் ஊர் மூட்டத்தில் வியர்வை சட்டையை நனைக்கும், அதனால் உடம்பு எவ்வளவு இழக்கிறது என்று தெரியும். உலர்ந்த காற்றில் வியர்வை தோலிலேயே ஆவியாகிவிடுகிறது. தாகத்தை எதிர்பார்த்து இருக்காதீர்கள், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். தேத்தண்ணி நிறத்துக்குப் போனால் உடனே நிழலில் நில்லுங்கள்.

குளிர்காலத்திலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 லீற்றருக்குக் குறைய வேண்டாம். அதற்கு மேல் தொடாமல் வைக்க 2 லீற்றர். மொத்தம் 8 கிலோ பாரம், சைக்கிளின் நடையே மாறிவிடும், இங்கேயே சுமந்து பழகுங்கள். வெறும் தண்ணீரையே அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) பக்கற்றுகள் கொண்டுபோய், அதில் எழுதியிருக்கும் அளவுக்குக் கரைத்துக் குடியுங்கள்.

அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் உப்பும் புளோரைட்டும் அதிகம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது, இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். அதனால்தான் பல வீடுகளில் மழை நீரைச் சேர்த்து வைக்க நிலத்தடித் தொட்டி வைத்திருக்கிறார்கள், டாங்கா என்பார்கள். கேட்டால் தருவார்கள். ஆனால் அது ஒரு குடும்பத்தின் பல மாதத் தண்ணீர். குடிக்க மட்டும் வாங்குங்கள், அதில் கை கால் கழுவாதீர்கள்.

சமதரை லேசு என்பதையும் மறந்துவிடுங்கள். நமக்கு ஏற்றத்துக்குப் பிறகு ஓர் இறக்கம் வரும், கால் ஓய்வெடுக்கும். அங்கே காலை முதல் மாலை வரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், உட்கார்ந்த இடம் புண்ணாகும். எதிர்க்காற்று வந்தால் ஏற்றத்தை விட மோசம்.

டயர் அகலமாக இருக்கட்டும், மணலில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள். சீமைக்கருவேல முள் பெரிய தொல்லை. ரோட்டை விட்டு இறங்கினால் சைக்கிளை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள், ஆளுக்கு மூன்று டியூபாவது வையுங்கள். மழைக்குப் பயந்து செயினில் எண்ணெயை ஊற்றும் நம் பழக்கம் அங்கே உதவாது. மணல் அதில் ஒட்டிக் குழம்பாகிச் சக்கரப் பல்லைத் தேய்த்துவிடும். மெழுகு வகை போதும்.

இரவுக் குளிர் நுவரெலியா ஜனவரி மாதிரி இருக்கும், கம்பளியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு வெளிநாட்டவருக்கு முன் அனுமதி வேண்டும், ஜெய்சால்மருக்கு மேற்கே போக ஆசை இருந்தால் முதலிலேயே கேளுங்கள். செய்மதித் தொலைபேசி எதுவும் எடுத்துப் போக வேண்டாம். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் கைது வரை போகும்.

கடைசியாக ஒரு வேலை. ஆகஸ்ட்டில் வறண்ட கச்சான் காற்று வீசும்போது பெரகலையில் இருந்து கொஸ்லந்தை, தியலும வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி, தணமல்வில தாண்டி அம்பாந்தோட்டைக்கு இரண்டு நாளில் போய் வாருங்கள். தணமல்வில பக்கம் யானை நடமாட்டம் உண்டு, இருட்டுமுன் தங்கிவிடுங்கள். கிளம்பும் முன்னும் போய்ச் சேர்ந்த பின்னும் இருவரும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் குறைவாகக் குடித்திருக்கிறீர்கள். எத்தனை லீற்றர் குடித்தீர்கள், எத்தனை கிலோ குறைந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்து டிசம்பர்க் கணக்கைச் சேர்ந்து போடலாம்.