மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 27. விலங்குநல கிளினிக் ஒன்றில் ஒன்றரை ஆண்டாக உதவியாளர் வேலை. கூடவே விலங்குநலத் தாதிமைக்கான ஆஸ்திரேலியச் சான்றிதழ்ப் படிப்பை இணையவழியில் படிக்கிறேன். இப்போது 7 வாரக் கர்ப்பம். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்கிறார் அம்மா. பூனைப் பக்கமே போகாதே என்கிறார் மாமியார். செய்முறைப் பட்டியலில் எக்ஸ்ரேயும் மயக்கமருந்தும் இன்னும் பாக்கி. விஷயம் தெரிவதற்கு முன் இரண்டு முறை எக்ஸ்ரே அறையில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வேலையைத் தொடரலாமா? – ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: தொடரலாம். ஆனால் தலைமை மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அம்மா சொல்வது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் வழக்கம், அதைக் குறை சொல்லவில்லை. சித்திக்கும் பெரியம்மாவுக்கும் மூன்று மாதம் கழித்தே சொல்லுங்கள். ஆனால் குழந்தையின் உறுப்புகள் உருவாவது இந்த முதல் 12 வாரங்களில்தான். கதிர்வீச்சு, வாயு, மருந்து எல்லாவற்றிலிருந்தும் அதிகமாக விலகி நிற்க வேண்டிய காலமும் இதுதான். வளைகாப்பு சமயத்தில் சொல்லி நாய்க்கூண்டு தூக்குவதிலிருந்து மட்டும் தப்பித்து என்ன பயன்?

முதலில் அந்த இரண்டு எக்ஸ்ரே. ஈய அங்கி அணிந்து, கதிர் நேரே உங்கள்மேல் விழாமல் நின்றிருந்தால், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கருவுக்குத் தீங்கு என்ற பேச்சு ஏறத்தாழ 100 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில்தான் எழுகிறது. நாய்க்கு எடுத்த படத்தில் சிதறி உங்களை எட்டியது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு, மிச்சமுள்ள மாதங்கள் முழுவதற்கும் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது அனைத்துலகக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரை. இயற்கையிலிருந்தே உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வருகிறது என்றால், எவ்வளவு கண்டிப்பான வரம்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் படம் எடுக்கும்போது அறையிலேயே இருக்க வேண்டாம். அங்கி இருக்கிறதே என்று யாராவது சொன்னால், மயக்கம் கொடுத்து மணல்மூட்டை வைத்துப் படம் எடுக்கலாமே என்று கேளுங்கள். கையால் பிடிப்பது வசதிக்காகச் செய்வது, பல படங்களுக்கு அது தேவையே இல்லை. எதிர்பாராமல் உள்ளே மாட்டிக்கொண்டால் பின்னால் தள்ளி நில்லுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசியாகிவிடும். கதிர் அளவு காட்டும் பட்டை இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இருந்தால், இடுப்பில் அங்கிக்கு உள்ளே அணிய இன்னொன்றும் கேளுங்கள்.

உண்மையில் எனக்குக் கூடுதல் கவலை மயக்க வாயு பற்றித்தான். எக்ஸ்ரேக்குச் சிவப்பு விளக்காவது இருக்கிறது, ஐசோஃபுளூரேன் என்ற அந்த மயக்க வாயுவுக்கு எச்சரிக்கை எதுவும் கிடையாது. நம் ஊர் கிளினிக்குகளில் பல, புளோக்கின் கீழ்த்தளத்திலோ கடைவீட்டிலோ இருப்பவை. சுவரில் மாட்டிய ஏர்கான் அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்கும், வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. கழிவு வாயுவை வெளியேற்றும் குழாய் சரியாக இல்லையென்றால் அது முழுக்க உங்கள் மூக்குக்குத்தான். பெண் விலங்கு மருத்துவர்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், கழிவு வாயுவை வெளியேற்றாத இடத்தில் வாரம் ஒரு மணி நேரமோ கூடுதலாகவோ வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள்.

இந்த வகை வாயுக்களுக்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதார ஆய்வுக் கழகம் பரிந்துரைக்கும் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 2 பங்கு. உங்களுக்கு வாசனை தெரிகிறது என்றால் அதைத் தாண்டி வெகுதூரம் போயாயிற்று. முகக்கவசம், என்95 உட்பட, வாயுவைத் தடுக்காது. அதனால் மூன்று வேலைகளை மற்றவரிடம் விடுங்கள்: மயக்கமருந்தை வாயுவாக்கும் ஆவியாக்கியில் மருந்து நிரப்புவது, முகமூடி அல்லது பெட்டி வைத்துப் பூனையை மயக்குவது, அறுவை முடிந்து விழிக்கும் விலங்கின் முகத்தருகே குனிந்து உட்கார்ந்திருப்பது. இந்த மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. விழிக்கும் நாய் மூச்சு விடும்போது வாயுவும் சேர்ந்தேதான் வெளியே வருகிறது. நானே முதல் பிள்ளையைச் சுமந்திருந்தபோது, பாவமாக இருக்கிறதே என்று அப்படித்தான் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மருந்து அலமாரியில் கவனம் வேண்டியவை: புற்றுநோய் மருந்துகள், குளோப்ரோஸ்டெனால் போன்ற ஊசிமருந்துகள், மிசோபுரோஸ்டால் மாத்திரை, படைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபுல்வின். குளோப்ரோஸ்டெனால் தோல்வழியாகவே உள்ளே போய்க் கருப்பையைச் சுருங்க வைக்கும். அந்தப் புட்டியைத் தொடவே வேண்டாம். மாத்திரைகளை உடைக்க வேண்டாம், பொடிக்க வேண்டாம். புற்றுநோய் மருந்து ஏற்றிய நாயின் சிறுநீரிலும் மருந்து இறங்கும், அந்தக் கூண்டைக் கழுவும் வேலையும் உங்களுக்கு வேண்டாம்.

சரி, பூனைக்கு வருவோம். மாமியாரின் பயத்துக்குக் காரணம் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி. பயம் நியாயம், அளவுதான் அதிகம். ஒரு பூனை பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறை, ஒன்று முதல் மூன்று வாரம்தான் அதை மலத்தில் கழிக்கும். கழித்ததும் ஒட்டாது, தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும். மணல்தட்டைத் தினமும் வேறொருவர் மாற்றினால், மாற்றியே ஆகவேண்டும் என்றால் நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு கை கழுவினால், பூனையைத் தூக்குவதில் தடையில்லை. சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் பூனையைவிட மோசம் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம், மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். 2024 செப்டம்பர் முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்த பிறகு, பூனையே பார்க்காமல் இந்தத் தொழிலில் இருக்க முடியாது.

யாரும் எச்சரிக்காத ஆள் வெள்ளெலி, அதாவது ஹாம்ஸ்டர். எலிகளிடமிருந்து பரவும் ஒருவகை மூளையுறைக் காய்ச்சல் வைரஸ் அதனிடமும் இருக்கலாம், அது கருவைக் கடுமையாகப் பாதிக்கும். ஹாம்ஸ்டர் வந்தால் சக ஊழியரிடம் தள்ளிவிடுங்கள். குட்டி போடும் நாய், கருச்சிதைந்த நாய் இரண்டும் அப்படியே. தூக்குவதைப் பொறுத்தவரை, வீவக நாய்கள் சின்னவை, கொண்டோவிலிருந்து வரும் 30 கிலோ ரெட்ரீவர்தான் ஆபத்து. அதை இரண்டு பேர் தூக்கட்டும், அந்த இருவரில் நீங்கள் வேண்டாம்.

சொல்லப் போகும் முன் ஒரு வேலை: மருத்துவரிடம் கர்ப்பச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 3 மாதமாவது வேலை பார்த்து, பணிநீக்க நோட்டீசுக்கு முன்பே கர்ப்பம் சான்றளிக்கப்பட்டிருந்தால், தக்க காரணமின்றி நீக்கும் முதலாளி பேறுகாலச் சலுகைகளைக் கொடுத்தாக வேண்டும். ஒன்றரை ஆண்டு பார்த்துவிட்டதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. குழந்தை சிங்கப்பூர்க் குடிமகன் என்றால் 16 வாரச் சம்பளத்துடன் விடுப்பு, இல்லையென்றால் பொதுவாக 12 வாரம், அதில் 8 வாரத்துக்குத்தான் சம்பளம். விடுப்பில் போகக் குறைந்தது ஒரு வாரம் முன்னால் முதலாளிக்குத் தெரிவிக்க மறக்காதீர்கள், மறந்தால் பணம் குறையலாம். பணியிட அபாய மதிப்பீடு செய்வது முதலாளியின் சட்டக் கடமை. எனவே ‘எனக்குச் சலுகை வேண்டும்’ என்று தயங்காமல், ‘என் வேலைகளுக்கான மதிப்பீட்டைத் திருத்த வேண்டும், உட்கார்ந்து பேசலாமா டாக்டர்’ என்று ஆரம்பியுங்கள். பேசி முடித்ததை அன்றைக்கே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

படிப்பு நிறுவனத்துக்கும் எழுதி, எக்ஸ்ரே, மயக்கமருந்துச் செய்முறைகளைப் பிரசவத்துக்குப் பிறகு முடிக்க அவகாசம் கேளுங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். எக்ஸ்ரே மேசையில் ஒரு பொம்மை நாயைக் கிடத்தி, கதிரை இயக்காமல் குறிவிளக்கை மட்டும் போட்டு, மார்புக்கும் இடுப்புக்கும் நிலைப்படுத்திப் பழகுங்கள். பொம்மை கடிக்காது, நெளியாது என்பதுதான் ஒரே குறை.