மழைக்கு முன் ஒரு மிலிட்டரி பை: வாசகர் கேள்விகள்

ஐப்பசி நெருங்கினால் போதும், வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு கிளம்ப எந்த ராணுவப் பை நல்லது என்ற கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் சில.

2015 டிசம்பரில் வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீரில் துணிக்கடைக் கவர்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம். இப்போது அமெரிக்க ராணுவத்தின் பழைய 'ஆலிஸ்' முதுகுப்பை ஒன்று கிடைக்கிறது. பெரியதை வாங்கவா, நடுத்தரமா?

நடுத்தரம்தான், யோசிக்கவே வேண்டாம். 1970களில் வந்த இந்தப் பையில் பெரியது 60 லிட்டரைத் தாண்டும், நடுத்தரம் 38 லிட்டர் சுமார். பெரியதை அலுமினியச் சட்டம் இல்லாமல் சுமக்க முடியாது. சட்டத்தோடு சேர்த்தால் காலிப் பையே மூன்று கிலோ வந்துவிடும். நடுத்தரத்தைச் சட்டம் இல்லாமலும் மாட்டிக்கொள்ளலாம். குறுகலான மாடிப்படியிலும் மீட்புப் படகிலும் அந்தச் சட்டம் எதிலாவது இடித்துக்கொண்டே இருக்கும். காற்றடைத்த ரப்பர் படகு என்றால் பக்கத்தில் இருப்பவர் உங்களைத்தான் முறைப்பார்.

இன்னொன்று, பையில் இடம் இருந்தால் வீட்டில் யாராவது எதையாவது திணித்துவிடுவார்கள். என் பெரிய பையில் ஒருமுறை இட்லித் தட்டு இருந்தது.

மிலிட்டரி பை என்றால் தண்ணீர் புகாதுதானே?

புகும். நைலான் துணியின் உட்புறம் ஒரு பூச்சு இருக்கும், அதுதான் தண்ணீரைத் தடுப்பது. தையல் ஓட்டைகளில் அதுவும் உதவாது. வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்த பையில் அந்தப் பூச்சே போயிருக்கும். வாங்கும் முன் பையை உள்வெளியாகத் திருப்பிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தாலோ பிசுபிசுவென்று ஒட்டினாலோ விலையைப் பாதியாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். புளித்த வாடை வந்தால் வேண்டவே வேண்டாம், எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

அமெரிக்க ராணுவத்திலேயே துணிமணிக்குத் தனியாக ஒரு நீர்புகாப் பை கொடுத்தார்கள், அதைத்தான் உள்ளே வைப்பார்கள். நமக்குக் கனமான குப்பைப் பை போதும். உள்ளே விரித்துப் பொருளை அடுக்கி, காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி, மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். பத்திரங்களுக்கு இன்னொரு ஜிப் கவர்.

அசலா, போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அசலில், நேட்டோ நாடுகளின் ராணுவப் பொருள்களுக்குத் தரும் 13 இலக்க இருப்பு எண் அச்சிட்ட துணிச்சீட்டு இருக்கும். ஐந்தாவது, ஆறாவது இலக்கங்கள் நாட்டைச் சொல்லும்: 00 அல்லது 01 என்றால் அமெரிக்கா, 99 பிரிட்டன், 12 ஜெர்மனி. ஆனால் சீட்டை யாரும் அச்சடிக்கலாம். அதனால் தோள்பட்டி பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே நெருக்கமான குறுக்குத்தையல் இருக்க வேண்டும். பட்டியைப் பிடித்து வெடுக்கென்று இழுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நன்றாகத் தைத்த போலி, நைந்துபோன அசலைவிட மேல்.

நான் ஐந்தடி உயரம். கடலூரில் அம்மாவோடு இருக்கிறேன். ராணுவப் பை எனக்குச் சரிவருமா?

முதுகு நீளத்தைப் பொறுத்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் 'பெர்கன்' பையில் நீள முதுகு, குட்டை முதுகு என்று இரண்டு உண்டு. அதன் பக்கப் பைகளைக் கழற்றி இணைத்தால் தனியாக ஒரு சின்ன முதுகுப்பை ஆகும். உங்களுக்கு அந்தச் சின்னதே போதும் என்று நினைக்கிறேன்.

எதை எடுத்தாலும் இடுப்புப் பட்டி இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். வயிற்றில் உட்கார்ந்தால் பாரம் முழுக்கத் தோளுக்குப் போய்விடும். ஐந்து கிலோ அரிசிப் பையும் இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டும் உள்ளே போட்டு, அரை மணி நேரம் மாடி ஏறி இறங்குங்கள். கழுத்து வலித்தால் பையை மாற்றுங்கள். அம்மாவின் கையைப் பிடிக்க ஒரு கை எப்போதும் காலியாக இருக்கட்டும்.

புள்ளி போட்ட ராணுவ நிறப் பை வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா?

ராணுவத்தினர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடுப்பைப் போடுவதோ அடையாளச் சின்னத்தை வைத்திருப்பதோதான் குற்றம் (நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 168). என் கவலை வேறு. அந்த நிறமே ஆள் கண்ணில் படாமல் இருக்கத்தான். நீங்களோ மொட்டைமாடியில் நின்று படகைக் கூப்பிடுகிறீர்கள். வெறும் பச்சைப் பை வாங்கி, மேலே ஆரஞ்சு மழை உறை போடுங்கள்.

மூன்று நாளைக்குத் தண்ணீர் வைக்கச் சொல்கிறார்களே, முடியுமா?

அமெரிக்கப் பேரிடர் துறையின் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர். மூன்று நாளைக்குப் பதினோரு கிலோவுக்கு மேல். அது வீட்டில் சேமிக்கும் கணக்கு, முதுகில் சுமப்பதற்கு அல்ல. பையில் இரண்டு லிட்டரும் குளோரின் மாத்திரைகளும் வையுங்கள். அப்புறம் சில்லறை நோட்டாகக் கொஞ்சம் பணம். 2015ல் கரண்ட் போய் ஏடிஎம்மும் செல்போனும் செத்துக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். டார்ச் மட்டும் மேல் பாக்கெட்டில், பேட்டரியைக் கழற்றி ஒட்டுப்பட்டையால் அதோடு கட்டி.