கிறிஸ்தவ ஆரம்பப் பள்ளியில் வாரம் முழுக்க ஜெபம்தானா?

பெங்களூரில் வீடு, மகன் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் வயது, நடந்து போகிற தூரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆரம்பப் பள்ளி. "அங்கே வாரம் முழுக்க ஜெபமும் பைபிளும்தான், படிப்பு எங்கே நடக்கிறது" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கீழே யாராவது "எவ்வளவு வாங்கினீர்கள்" என்று கேட்பார்கள். நான் இந்து. எங்கள் வீட்டுப் பூஜை அறையில் முருகன் படம்தான், வருஷா வருஷம் திருத்தணிக்குப் போய் வருகிறோம். கன்டோன்மென்ட் பக்கத்தில் அரசு உதவி பெறும் ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில் ஓய்வு பெறும்வரை சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தேன். யாரும் என்னை மதம் மாறச் சொன்னதில்லை. நானும் மாறவில்லை. நான் சொல்வது இப்படிப்பட்ட, கூலி வேலை செய்பவர்களும் ஆட்டோ ஓட்டுபவர்களும் பிள்ளைகளைச் சேர்க்கிற சாதாரணப் பள்ளியைப் பற்றி. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பெரிய பள்ளிகளை இதோடு சேர்க்க வேண்டாம்.

காலையில் மணி அடித்ததும் மாதா கெபிக்கு, அதாவது மாதா சிலை வைத்த குகை மாதிரியான மாடத்துக்கு, முன்னால் வரிசை நிற்கும். சின்ன ஜெபம், ஒரு பாட்டு, கன்னடப் பேப்பரிலிருந்து ரெண்டு செய்தி, கர்நாடகத்தின் மாநில கீதமான நாடகீதே, கடைசியில் தேசிய கீதம். 2023 முதல் அரசியல் சாசன முன்னுரை வாசிப்பும் சேர்ந்திருக்கிறது. ஜெபத்துக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. திங்கட்கிழமை நகம் பார்க்கத்தான் அதைவிட நேரம் பிடிக்கும். புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம். ஷூ பாலிஷ் வாங்க முடியாத பிள்ளைகள் கேன்வாஸ் ஷூவில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு வருவார்கள். மதியம் அந்த வெள்ளையெல்லாம் கருப்புப் பலகைக்குக் கீழே தரையில் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுத் திட்டவே மனசு வராது.

வாரத்தில் சில பீரியட் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் சிஸ்டரிடம் மறைக்கல்விக்கு, அதாவது அவர்கள் மதப் பாடத்துக்கு, போவார்கள். மற்றவர்கள் என்னோடு இருப்பார்கள், மாரல் சயின்ஸ் என்று பெயர். நான் பஞ்சதந்திரக் கதையும் தெனாலிராமன் கதையும் சொல்வேன். நீ ஏன் பைபிள் கதை சொல்லவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. மாதத்தின் முதல் வெள்ளியன்று பக்கத்துச் சர்ச்சில் பூசை. அதற்கும் கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் வரிசையாகப் போய் வருவார்கள், மற்றவர்கள் வகுப்பில் படம் வரைவார்கள். வெள்ளி மதியம் ஜும்ஆவுக்குப் போகிற பையன்களை முன்னாடியே அனுப்பிவிடுவோம்.

எல்லாப் பள்ளியும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் எல்லாவற்றுக்கும் வந்தே தீரணும் என்கிற நிர்வாகங்களும் இருக்கலாம். அதற்குத்தான் சட்டம் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமை கொடுக்கிறது. அதே சாசனத்தின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசுப் பணம் பெறும் எந்தப் பள்ளியிலும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. ஆகவே அட்மிஷன் ஃபார்மில் நீங்கள் எதற்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று படித்துவிட்டுப் போடுங்கள். இதில் சண்டை போட ஒன்றுமில்லை, நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்வார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் மதிய உணவுக்கு அட்சர தாசோஹா என்று பெயர், உதவி பெறும் பள்ளிகளுக்கும் உண்டு. 2013 முதல் க்ஷீர பாக்யா திட்டத்தில் பாலும் கொடுக்கிறார்கள். பெங்களூரில் பல பள்ளிகளுக்குச் சாப்பாடு அட்சய பாத்திரா சமையலறையிலிருந்து வருகிறது. இஸ்கான்காரர்கள் 2000-இல் இந்த ஊரிலேயே ஐந்து பள்ளிகளில் 1,500 பிள்ளைகளோடு தொடங்கியது அது. எங்கள் பிள்ளைகளும் கிருஷ்ண பக்தர்கள் சமைத்த வெங்காயம், பூண்டு இல்லாத சாம்பாரைத்தான் சிஸ்டரின் ஜெபத்துக்குப் பிறகு சாப்பிட்டார்கள். காலையில் வெறும் டீயோடு வந்த பிள்ளை எது என்று பதினொரு மணிக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். உங்கள் சொந்தக்காரர்கள் யாரும் அந்த முகத்தைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் பாட்டி அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூ விற்பவர். ஒரு நாள் காலையில் பூக்கூடையோடு நேரே பள்ளிக்கே வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, சாயங்காலம் விளக்கேத்துனா இவன் நெத்தி, நெஞ்சு, தோளுன்னு தொட்டுத் தொட்டுக் கும்புடுறான். எங்க கொலசாமி முன்னாடியே பண்றான். நான் படிக்கத்தானே அனுப்பினேன்?"

அவர் கோபம் நியாயமானது. நானாக இருந்தாலும் வந்து கேட்டிருப்பேன். சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியையான சிஸ்டர் வெளியே வந்தார். மங்களூர்க்காரர், தமிழ் பாதி, கன்னடம் பாதி. பாட்டியைப் பெஞ்சில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுப் பையனைக் கூப்பிட்டார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

"யாருமில்ல சிஸ்டர். முன்னாடி நிக்கிறவன் பண்றான், நானும் பண்ணேன்."

மறுநாள் அசெம்ப்ளியில் சிஸ்டரே சொன்னார்: அவரவர் வீட்டில் எப்படிக் கும்பிடுகிறார்களோ அப்படியே கும்பிடலாம், இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கலாம், ஒருவனைப் பார்த்து ஒருவன் செய்ய வேண்டாம். விஷயம் அதோடு முடிந்தது.

ஆனால் அன்று பாட்டி கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது நான் விடவில்லை. அந்தப் பையனைப் பற்றி எனக்கு வேறொரு கவலை இருந்தது, அதைச் சொல்ல ஆள் வராமல் தவித்துக்கொண்டிருந்தேன். அப்பா பெயின்ட் வேலை, அம்மா அபார்ட்மென்ட்டில் வீட்டு வேலை, கூப்பிட்டனுப்பினால் இரண்டு பேராலும் வர முடியாது. பாட்டி முன்னாலேயே கன்னடப் புத்தகத்தைத் திறந்து அவனைப் படிக்கச் சொன்னேன். ஒரு தடங்கல் இல்லாமல் கடகடவென்று படித்தான். பாட்டி முகத்தில் அவ்வளவு பெருமை.

"அம்மா, அவன் வாயைப் பார்க்காதீங்க. விரலைப் பாருங்க" என்றேன்.

விரல் மூணாவது வரியில் நின்றிருந்தது. வாய் அஞ்சாவது வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. பாட்டிக்கு எழுத்து தெரியாது, ஆனால் வாய் ஓடும்போது விரல் நிற்பது தெரிந்துவிட்டது. பழைய நோட்டு அட்டையில் ஒரு சொல் மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் வெட்டி வைத்திருப்பேன். அதைப் பக்கத்தின் மேல் வைத்தேன். அவ்வளவுதான், அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. கன்னடத்தில் மரத்துக்கு 'மர', குட்டிக்கு 'மரி'. 'மர' படித்தான். 'மரி' வந்தது, அதையும் 'மர' என்றான். மேலே இருக்கிற சுழியை அவன் கண் பார்க்கவே இல்லை. முழுப் பாடத்தையும் காதால் மனப்பாடம் செய்து, கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தான்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சாமி விஷயம் கெடக்கட்டும். இவன் படிப்பானா மாட்டானா, அதச் சொல்லுங்க" என்றார்.

நீங்கள் கேட்க வேண்டியதும் இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் பள்ளியில் வியாழன் மதியம் வாசிப்பு நேரம். இரும்புப் பெட்டியைத் திறந்து கதைப் புத்தகங்களைத் தரையில் பரப்புவோம், நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருவர், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் என்று ஜோடி ஜோடியாக உட்காருவார்கள். படிக்கத் திணறுகிற பிள்ளைகளை மட்டும் சிஸ்டர் கெபிக்குப் பக்கத்தில் நிழலில் உட்காரவைத்துக்கொள்வார். அந்த ஒரு மணி நேரம் போன் வந்தாலும் எழுந்து போக மாட்டார். நான் பார்த்த ஜெபங்களில் அதுதான் பெரியது. இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்குக் கன்னட டிக்டேஷனில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு, உங்கள் மகனுக்கும் வரும், அதனால் எழுதுகிறேன். நமக்கு 'க' ஒரே எழுத்து. கன்னடத்தில் அதே இடத்தில் நாலு எழுத்து. 'கல்லு' என்பதற்கும் 'கங்கை' என்பதற்கும் நாம் ஒரே எழுத்தைப் போட்டுப் பழகியவர்கள், அங்கே வேறு வேறு. நான் பிள்ளைகளின் இரண்டு விரலைத் தொண்டையில் வைக்கச் சொல்வேன். 'கங்கை' என்று தொடங்கும்போதே விரலில் அதிரும். 'கல்லு' என்றால் தொடக்கத்தில் அதிராது. வகுப்பு முழுக்கத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கல்லு, கங்கை, கல்லு, கங்கை என்று சொல்லும். ட, த, ப வரிசைக்கும் இதே வழிதான். வீட்டிலேயே செய்து பார்க்கலாம், செலவு ஒன்றும் இல்லை.

அந்தப் பையன் வருஷக் கடைசியில் புதுப் பாடம் ஒன்றை, அவன் காது கேட்டிராத பாடத்தை, தடங்கித் தடங்கிப் படித்தான். விரலும் வாயும் ஒரே இடத்தில் இருந்தன. பாட்டி செப்டம்பர் 8 மாதா திருவிழா சமயம் சிவாஜிநகர் பசிலிக்கா வாசலிலும் கடை போடுவார். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து நவநாள் என்கிற ஒன்பது நாள் ஜெபம் நடக்கும், காவி உடுத்திக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருவார்கள், எங்கள் வகுப்பில் பாதிப் பேர் லீவு. அங்கே என்னைப் பார்த்தால் பேரனின் மார்க்கைத்தான் முதலில் சொல்வார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் ரொம்ப நாளாக இருக்கிறது. எங்கள் பள்ளியில் தமிழ்ப் பிரிவு இருந்தது. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் குறைந்து கடைசியில் மூடிவிட்டார்கள். ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் இடத்துக்கு ஆள் போடவில்லை. 1991-இல் தயாரான திருவள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் 18 வருஷம் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டபோது இந்த ஊர்த் தமிழர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம். நானும் குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன், கண்ணீர் வந்தது. ஆனால் அதே சுற்றுவட்டாரத்தில் தமிழ் வகுப்புகள் ஒன்றொன்றாக மூடியபோது நிர்வாகத்திடம் வந்து "ஏன் மூடுறீங்க" என்று கேட்ட பெற்றோர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. கன்னடம் படிக்கத்தான் வேண்டும், இந்த மண்ணில் வாழ்கிறோம், அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதோடு தமிழில் பேர் எழுதவாவது தெரிய வேண்டாமா? மகனுக்கு வீட்டில் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுங்கள். பள்ளி இனிமேல் அதைச் செய்யாது.

சரி, சேர்க்கலாமா என்றால், நேரில் போய்ப் பார்க்காமல் யார் பேச்சையும், என் பேச்சையும் சேர்த்துத்தான், நம்பிச் சேர்க்காதீர்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், எல்லாரும் பரபரப்பாக இருப்பார்கள். வாரத்தின் நடுவில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுங்கள். மறைக்கல்வி நேரத்தில் மற்ற பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். மூன்றாம் வகுப்பில் படிக்கத் திணறுகிற பிள்ளைக்குத் தனியாக என்ன செய்கிறீர்கள் என்று தலைமை ஆசிரியையிடம் கேளுங்கள். பதில் சட்டென்று, ஒரு நாளும் ஒரு நேரமும் சொல்லி வந்தால் தைரியமாகச் சேருங்கள். "எங்க ஸ்கூல்ல அப்படிப் பிள்ளைகளே இல்ல" என்று சொன்னால், அது எந்த மதத்துக்காரர் நடத்தும் பள்ளியாக இருந்தாலும் அடுத்த பள்ளியைப் பார்க்கப் போங்கள்.