சரஸ்வதியும் திருமணிமுத்தாறும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சரஸ்வதி வற்றியதால்தான் அதன் கரையிலிருந்த நகரங்கள் அழிந்தன என்று படித்தேன். நம் சேலத்துத் திருமணிமுத்தாறும் வற்றிவிட்டது. ஆறுகள் மறைவது இயற்கை என்றால், இதற்காக வருந்துவதில் பொருள் உண்டா?

– ஒரு வாசகர், அயோத்தியாப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

சரஸ்வதி எனப் பலரும் கருதும், வடமேற்கு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நீளும் கக்கர்–ஹாக்ரா ஆற்றுப் படுகையில் புதைந்துள்ள மணலின் வயதைக் கணித்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இமயமலை வழியே வரும் சட்லெஜ் ஆறு ஒரு காலத்தில் அவ்வழியே ஓடியது உண்மை என்றும், ஆனால் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அது தடம் மாறிவிட்டது என்றும் காட்டியது. சிந்துவெளி நாகரிகத்தின் காளிபங்கன் போன்ற நகரங்கள் செழித்ததோ அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்துத்தான். பேராறு விட்டுச்சென்ற பள்ளத்தில், பருவமழை நீரை நம்பியே அம்மக்கள் நகரம் எழுப்பியிருக்கிறார்கள். (பனிமலை நீர் பிறகும் நெடுங்காலம் வந்தது என வாதிடும் 2019ஆம் ஆண்டு ஆய்வும் உண்டு, விவாதம் முடியவில்லை.) ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிந்தபோது அவர்கள் மெல்லமெல்லக் கிழக்கே நகர்ந்தார்கள். மழை குறைந்ததற்கு அவர்கள் என்ன செய்திருக்க முடியும்?

நம் ஆற்றின் கதை அதுவன்று. அது பிறக்கும் சேர்வராயன் மலையில், ஏற்காட்டில் மட்டும் இன்றும் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. வற்றிவிட்டது என்கிறீர்கள், நகருக்குள் அது கோடையிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சுகவனேசுவரர் கோயில் பக்கம் பாலத்தில் நின்று பாருங்கள், இரு கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே கருத்துப்போய் நகர்வது நம் வீடுகளின் கழிவுநீர். மழைநீரைத் தேக்கி ஊற்றுகளுக்கு உயிர் கொடுத்த ஏரிகள் ஆக்கிரமிப்பில் சுருங்கின, வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தன. எஞ்சிய தடத்தில் சாக்கடையும் சாயநீரும் சேர்ந்தன.

இதை இயற்கையின் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை. வருந்துகிறேன், வருந்தவும் வேண்டும். பாரியின் மகளிருக்கு ஔவை மணம் முடித்துவைத்ததாக ஊர் நம்பும் உத்தமசோழபுரத்துக் கரபுரநாதர் கோயிலும் இதே ஆற்றின் கரையில்தான் நிற்கிறது. அவ்வழியே செல்லும் இந்த நீர், நஞ்சை இடையாறு அருகே காவிரியில் போய்க் கலக்கிறது.